சங்கம் உடைவது கேட்டுக்கு வெளியே

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் பெஸ்ஸமர் ஊரில் அமேசானின் பெரிய கிடங்கு ஒன்று இருக்கிறது. ஷிப்ட் முடிந்து கார்கள் சாலையில் ஏறும் இடத்தில் ஒரு சிக்னல். 2020 கடைசியில் அங்கே சங்கம் அமைக்க முயன்றவர்களுக்கு அந்தச் சிக்னல்தான் மேடை. சிவப்பு விழும், வண்டி நிற்கும், கண்ணாடி இறங்கும், ஒரு துண்டறிக்கை கைமாறும், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பச்சை விழுந்துவிடும். வளாகத்துக்குள் சங்கத்தாரை விட மாட்டார்கள் என்பதால் அந்தச் சில விநாடிகளை நம்பித்தான் அவர்கள் அங்கே நின்றார்கள். அந்த டிசம்பரில், ஷிப்ட் மாறும் நேரத்தில் வண்டிகள் தேங்குகின்றன என்று நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், சிக்னலின் நேரம் மாற்றப்பட்டது. சிவப்பில் வண்டிகள் நிற்கும் நேரம் குறைந்தது. வதந்தி இல்லை, கவுண்டி எனப்படும் உள்ளூர் மாவட்ட நிர்வாகமே ஒப்புக்கொண்ட விஷயம் இது.

அதோடு நிற்கவில்லை. 2021 தொடக்கத்தில் தபால் மூலம் வாக்கெடுப்பு நடந்தபோது, கிடங்கின் வாகன நிறுத்தத்திலேயே புதிதாக ஒரு தபால் பெட்டி வந்து நின்றது. அதை அங்கே வைக்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தது நிறுவனம். வாக்கெடுப்பே நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது என்ற எண்ணத்தை அந்தப் பெட்டி தொழிலாளிகளுக்கு உண்டாக்கியது என்று சொல்லித்தான் அமெரிக்க அரசின் தொழிலாளர் உறவு வாரியம் பிறகு மறுவாக்கெடுப்புக்கு உத்தரவிட்டது. முதல் எண்ணிக்கையில் சங்கத்துக்கு ஆதரவாக 738, எதிராக 1,798.

ஒரு சிக்னல், ஒரு தபால் பெட்டி. இரண்டுமே யாரும் மூட்டை தூக்காத, பெட்டி அடுக்காத இடங்கள். சங்கத்தை உடைப்பது என்றால் ஆலைக்குள் ஆளைப் பிடித்து வேலையை விட்டுத் துரத்துவது என்றுதான் நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். அதுவும் நடக்கிறது, நிறையவே நடக்கிறது. ஆனால் பல போராட்டங்களைப் படித்தும் சிலவற்றை அருகில் இருந்து பார்த்தும் எனக்கு வந்திருக்கும் முடிவு இது: நிர்வாகம் முதலில் கை வைப்பது கேட்டுக்கு வெளியே. தொழிலாளியின் வீட்டில், அவர் வாடகை கொடுக்கும் வீட்டுக்காரரிடம், கடன் சொல்லும் கடையில், ஊர்ப் பெரியவரிடம், உள்ளூர்ப் பத்திரிகையில், காவல் நிலையத்தில். தனியாக நிற்பதாக ஒருவரை உணர வைத்துவிட்டால் அப்புறம் அவரை வேலையை விட்டு நீக்கவே தேவையில்லை, சங்கத்துக்குப் போட்ட கையெழுத்தை அவரே திரும்ப வாங்கிக்கொள்வார். அதனால் எதிர்த்து நிற்பதும் அதே வெளியிடத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இதை ஒரு சூத்திரமாகவே எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். 1936-இல் ரெமிங்டன் ராண்ட் என்ற தட்டச்சு இயந்திர நிறுவனத்தில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. நியூயார்க் மாநிலத்தின் இலியன் என்ற சிறிய ஊர் அந்த ஆலையை நம்பியே வாழ்ந்தது. நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ராண்ட் அந்த வேலைநிறுத்தத்தை உடைத்த விதம் பிறகு 'மொஹாக் பள்ளத்தாக்குச் சூத்திரம்' என்ற பெயரில் முதலாளிகள் நடுவே பரவியது. 1937-இல் தொழிலாளர் உறவு வாரியம் அந்த வழக்கில் கொடுத்த தீர்ப்பில் அதன் படிகளை வரிசையாக எழுதியிருக்கிறது.

சங்கத் தலைவர்களை வெளியாட்கள், கலகக்காரர்கள் என்று முத்திரை குத்து. கேட்கும் கோரிக்கை என்ன என்பதை யாரும் பேசாதபடி பார்த்துக்கொள். ஆலையை வேறு ஊருக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டு. அந்தப் பயத்தை வைத்து வங்கிக்காரர், கடைக்காரர், வீட்டு மனைக்காரர், ஊர்ப் பிரமுகர்கள் எல்லாரையும் திரட்டி ஒரு 'குடிமக்கள் குழு' அமை. சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது என்று அந்தக் குழுவை விட்டே சொல்ல வை. போலீஸைக் குவி. 'விசுவாசமான ஊழியர்கள்' வேலைக்குத் திரும்ப ஆசைப்படுகிறார்கள் என்று காட்ட ஒரு கைப்பாவைக் கூட்டத்தை உருவாக்கு. நாள் குறித்து, ஆர்ப்பாட்டமாகக் கேட்டைத் திற. வேலைக்கு வராதவர்கள் ஒரு சின்னக் கூட்டம்தான், அவர்கள் அடுத்தவரின் வேலை செய்யும் உரிமையைத் தடுக்கிறார்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இரு.

இந்தப் பட்டியலை மெதுவாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாதி வேலை ஊரை நோக்கியது. தொழிலாளியிடம் நிர்வாகம் நேரடியாகப் பேசுவதே இல்லை, அவரைச் சுற்றி இருப்பவர்களிடம் பேசுகிறது. ஊரே நம்மை எதிர்க்கிறது என்று அவர் நம்ப வேண்டும், அவ்வளவுதான். கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் ஆகிவிட்டன, இதில் ஒரு படிகூடப் பழையதாகவில்லை. வெளியாட்கள் தூண்டிவிடுகிறார்கள், முதலீடு வேறு மாநிலத்துக்குப் போய்விடும், பெரும்பாலானவர்கள் வேலை செய்யத் தயார் என்ற மூன்று வரிகளும் இல்லாமல் ஒரு வேலைநிறுத்தச் செய்தியை நான் பார்த்ததே இல்லை.

இதற்குச் செலவாகும் பணமும் சாதாரணம் இல்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் சங்க எதிர்ப்பு ஆலோசகர்களுக்கு அமேசான் 1.4 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததாக அதுவே அமெரிக்க அரசிடம் கணக்குக் காட்டியது. அங்கே நடக்கும் சங்கத் தேர்தல்களில் நூற்றுக்கு 41.5-இல் நிறுவனம் சட்டத்தை மீறியதாகக் குற்றச்சாட்டு பதிவாகிறது என்று பொருளாதாரக் கொள்கை நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஐந்தில் ஒரு தேர்தலில், சட்டவிரோதமாக ஆளை வேலையை விட்டு எடுத்ததாகவே குற்றச்சாட்டு. வேலையை இழந்தவருக்கு நீதி வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும், அதற்குள் மற்றவர்கள் பயந்து ஒதுங்கியிருப்பார்கள். அபராதம் கட்டினாலும் நிறுவனத்துக்கு லாபம்தான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சங்கம் தொடங்கும் பேச்சு எழுந்தது. பெயர் வேண்டாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு சுற்றிய நண்பனை எச்ஆர் கூப்பிடவே இல்லை. மெமோ இல்லை, விசாரணை இல்லை, லைனில் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் போனார்கள். ஒருநாள் மாலை அவனுடைய அப்பாவுக்குப் போன் போயிருக்கிறது. "ஐயா, உங்க பையன் தங்கமான பையன், நல்ல எதிர்காலம் இருக்கு. யாரோ பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போறான். நீங்கதான் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லணும்." மிரட்டல் என்று சொல்ல அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. அன்று இரவு வீட்டில் நடந்ததை அவன் மறுநாள் சொன்னான். அப்பா திட்டவில்லையாம். "நமக்கு எதுக்குப்பா இந்த வம்பு, தங்கச்சிக்கு இன்னும் ஒண்ணும் பண்ணலையே" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம். அதற்குமேல் அவனால் ஒன்றும் பேச முடியவில்லை. அதே வாரத்தில் இன்னும் பல வீடுகளுக்கும் அந்த மாதிரிப் போன் போயிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சங்கம் வரவில்லை. யாருமே வேலையை இழக்காமல் ஒரு சங்கத்தைப் பிறப்பதற்கு முன்பே இல்லாமல் செய்துவிட்டார்கள். அந்த நண்பன்மீது எனக்குத் துளிக் கோபமும் இல்லை. நாங்கள் ஆலைக்குள் ஒவ்வொரு ஷிப்டிலும் பேசியிருந்தோம், அந்த அப்பாக்களிடம் போய் யாரும் பேசியிருக்கவில்லை. நிர்வாகம் பேசியிருந்தது.

குடும்பத்தைக் குறிவைப்பது எந்த அளவுக்குப் போகும் என்பதற்குத் தென்கொரியாவில் நீதிமன்ற ஆவணங்களே இருக்கின்றன. சாம்சங் 1938-இல் தொடங்கிய நிறுவனம். சங்கம் கூடவே கூடாது என்பது அதன் நிறுவனர் காலத்திலிருந்து அறிவிக்கப்பட்ட கொள்கை. 2013-இல் அதன் பழுதுபார்ப்புச் சேவைப் பிரிவில் தொழிலாளிகள் சங்கம் அமைத்தார்கள். அதைக் கலைக்க நிர்வாகம் போட்ட திட்டம் பிறகு வழக்காகி, 2019 டிசம்பரில் சியோல் நீதிமன்றம் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் இயக்குநர் குழுத் தலைவர் உட்படப் பலருக்குத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் அந்தத் தலைவர் விடுவிக்கப்பட்டார், மற்றப் பலரின் தண்டனை நின்றது. சங்க உறுப்பினர்களின் திருமண நிலை, கடன் போன்ற அந்தரங்க விவரங்களைச் சேகரித்தது, சங்கம் வலுவாக இருந்த சேவை மையங்களை மூட ஏற்பாடு செய்தது என்று நீளும் அந்தக் குற்றப் பட்டியல். தற்கொலை செய்துகொண்ட ஒரு சங்க உறுப்பினரின் இறுதிச் சடங்கைச் சங்கம் நடத்திவிடக் கூடாது என்று அவருடைய குடும்பத்துக்குப் பணம் கொடுத்ததும் அதில் உண்டு. சாவு வீட்டில்கூடத் தொழிலாளிகள் ஒன்றுகூடக் கூடாது என்று ஒரு நிறுவனம் பயப்பட்டிருக்கிறது. 2020 மே மாதம் சாம்சங் துணைத் தலைவராக இருந்த லீ ஜே யோங் பொதுவில் மன்னிப்புக் கேட்டு, சங்கமில்லாக் கொள்கையை இனிப் பின்பற்ற மாட்டோம் என்றார். 2024-இல் சாம்சங் எலக்ட்ரானிக்ஸின் கொரியத் தொழிலாளிகள் அதன் வரலாற்றில் முதல் வேலைநிறுத்தத்தை நடத்தினார்கள்.

ஊரைப் பிரிப்பதில் மிகக் கொடுமையானது எங்கே பிளவு ஏற்கெனவே இருக்கிறதோ அங்கே கத்தியை வைப்பது. 1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெருமையாகச் சொல்கிறோம். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, பி.பி.வாடியா, திரு.வி.க. என்று பெயர்களைச் சொல்கிறோம். அடுத்த மூன்று ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. பெரம்பூரின் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் 1920 கடைசியில் சங்கத் தலைவர்கள்மீது நஷ்டஈடு வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. அடுத்த ஆண்டு நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளிகளில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு அவர்களுடைய காரணங்கள் இருந்தன. கையில் சேமிப்பு என்று எதுவும் இல்லாத குடும்பங்கள், சாதி இந்துக்களின் கையில் இருந்த சங்கத்தை நம்ப அவர்களுக்கு என்ன அனுபவம் இருந்தது? ஆதி திராவிடத் தலைவர் எம்.சி.ராஜா வேலைக்குத் திரும்பச் சொன்னதை வெறும் துரோகம் என்று எழுதுபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நிர்வாகமும் பிரிட்டிஷ் அரசும் அந்தப் பிளவை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. புளியந்தோப்பில் மாதக்கணக்கில் கலவரம் நடந்தது, குடிசைகள் எரிந்தன. 1921 ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது.

'கருங்காலி' என்ற வசவு நம் தொழிற்சங்க மேடைகளில் தாராளமாகப் புழங்குகிறது. பசிக்கும் சாதிக்கும் நடுவில் நிற்கும் ஒருவரை அப்படி அழைப்பதற்கு முன்னால், அவரோடு சங்கம் எந்த நாளில் உட்கார்ந்து பேசியது என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்றைக்கு அதே இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியும் வேறு மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியும் ட்ரெய்னியும் நிற்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளிகளின் சங்கம் அவர்களை உறுப்பினராகச் சேர்க்காது, ஆனால் வேலைநிறுத்தம் என்று வரும்போது அவர்கள் உள்ளே போனால் கோபம் மட்டும் வரும். நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு இல்லை.

பின்னி வழக்கிலிருந்து நல்லது ஒன்று பிறந்தது. சங்கம் நடத்தியதற்காகத் தலைவர்கள்மீது நஷ்டஈடு வழக்குப் போடலாம் என்ற நிலை நாடு முழுக்க அதிர்ச்சியை உண்டாக்கி, 1921-இல் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 17, 18-ஆம் பிரிவுகள் பதிவு பெற்ற சங்கத்தாருக்குக் குற்றச்சதி வழக்கிலிருந்தும் உரிமையியல் வழக்கிலிருந்தும் பாதுகாப்புக் கொடுத்தன. ஒரு தோல்விக்கு ஐந்து ஆண்டு கழித்துக் கிடைத்த கூலி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சரி, வெளியிலிருந்து வரும் ஆதரவு உண்மையிலேயே இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், அரசாங்கங்கள் எதைத் தடை செய்தன என்று பாருங்கள். லண்டனில் கிரன்விக் என்ற ஃபிலிம் கழுவும் நிறுவனத்தில் 1976-இல் ஜெயாபென் தேசாய் தலைமையில் வெளிநடப்பு நடந்தது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய இந்தியப் பெண்கள். சங்கத்தை அங்கீகரிக்கச் சொன்னார்கள், நிறுவனம் எல்லாரையும் நீக்கியது. அந்தத் தொழிலின் உயிர் தபாலில் இருந்தது, ஃபிலிம் வருவதும் படம் போவதும் தபால் மூலம்தான். கிரிக்கிள்வுட் தபால் ஊழியர்கள் அந்தக் கம்பெனியின் தபாலைத் தொட மாட்டோம் என்றார்கள். தங்களுக்கு அதில் ஒரு காசு லாபம் இல்லை, புடவை கட்டிய அந்தப் பெண்களில் யாரையும் அவர்களுக்கு முன்பின் தெரியாது. சுரங்கத் தொழிலாளிகள் பஸ் பஸ்ஸாக வந்து வாசலில் நின்றார்கள். நிறுவனம் உண்மையாகவே தடுமாறியது அந்தத் தபால் நின்ற நாட்களில்தான். பிறகு வழக்குகள், தபால் சங்கத் தலைமையே தன் ஆட்களைப் பணிய வைத்தது, 1978-இல் போராட்டம் தோல்வியில் முடிந்தது. தேசாய் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமையக வாசலிலேயே உண்ணாவிரதம் இருக்க வேண்டிய நிலை. அடுத்து வந்த தாட்சர் அரசு படிப்படியாகச் சட்டம் போட்டு, 1990-க்குள் ஆதரவு வேலைநிறுத்தம் முழுவதையுமே சட்டவிரோதம் ஆக்கியது. அமெரிக்காவில் 1947-இன் டாஃப்ட் ஹார்ட்லி சட்டமே இன்னொரு நிறுவனத்தின் தொழிலாளிகளுக்காகப் புறக்கணிப்பு நடத்துவதைத் தடை செய்துவிட்டது. ஒருவர் தனக்காக வேலையை நிறுத்துவதைப் பொறுத்துக்கொண்ட அரசுகள், அடுத்தவருக்காக நிறுத்துவதைப் பொறுக்கவில்லை. எது பலம் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஸ்வீடனில் அந்த உரிமை இன்னும் இருக்கிறது. அங்கே குறைந்தபட்சக் கூலிக்கு என்று சட்டம் கிடையாது, பத்தில் ஒன்பது தொழிலாளிகள் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறார்கள், எல்லாம் அதை வைத்துத்தான் நடக்கிறது. 1995-இல் டாய்ஸ் ஆர் அஸ் என்ற அமெரிக்க பொம்மைக் கடை நிறுவனம் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தது, மற்ற சங்கங்கள் எல்லாம் சேர்ந்து நெருக்கிய பிறகு கையெழுத்துப் போட்டது. 2023 அக்டோபர் 27 முதல் டெஸ்லா கார்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள் ஐஎஃப் மெட்டால் சங்கத்தின் கீழ் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஆனால் துறைமுகத் தொழிலாளிகள் டெஸ்லா கார்களை இறக்க மறுத்தார்கள், மின் தொழிலாளிகள் சார்ஜிங் நிலையங்களைப் பழுதுபார்க்க மறுத்தார்கள், தபால்காரர்கள் நம்பர் பிளேட் கொண்டுபோக மறுத்தார்கள். டென்மார்க், நார்வே, ஃபின்லாந்து சங்கங்களும் சேர்ந்துகொண்டன. இது பைத்தியக்காரத்தனம் என்று எலான் மஸ்க் எழுதினார். டெஸ்லா வேறு ஆட்களை வைத்தும் வேறு வழிகளைப் பிடித்தும் சமாளித்துக்கொண்டே இருக்கிறது, இரண்டு ஆண்டுகள் தாண்டியும் ஒப்பந்தம் வரவில்லை. ஆதரவு வந்துவிட்டால் வெற்றி நிச்சயம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நூற்றுச் சொச்சம் பேரால் உலகத்தின் மிகப் பணக்கார முதலாளியின் எதிரில் ஒரு வாரத்துக்குமேல் நிற்க முடிந்ததே, அதை வேறு எப்படி விளக்குவது?

சட்டம் இடம் கொடுக்காத ஊர்களிலும் மக்கள் வழி கண்டிருக்கிறார்கள். மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் 1936 டிசம்பர் 30 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். வெளியே வந்தால் வேறு ஆட்களை வைத்து ஓட்டிவிடுவார்கள் என்பதால் இயந்திரத்தின் பக்கத்திலேயே இருந்தார்கள். ஜனவரி 11 அன்று கடுங்குளிரில் நிர்வாகம் வெப்பத்தை நிறுத்தி, சாப்பாடு போகும் வாசலை அடைத்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, சுட்டது. அன்று இரவு ஜெனோரா ஜான்சன் என்ற 23 வயதுப் பெண் ஒலிபெருக்கி வண்டியில் ஏறி, ஊர்ப் பெண்களைப் போலீஸ் வரிசையைத் தாண்டி வரச் சொல்லிக் கூப்பிட்டார். வந்தார்கள். அவர்கள் நடுவில் நின்றபோது போலீஸால் சுட முடியவில்லை. பிறகு பெண்கள் அவசரப் படை என்றே ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு முன்பே அவர்கள் சமையல் கூடம் நடத்திக்கொண்டிருந்தார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள், வேலைநிறுத்தம் வேண்டாம் என்று வீட்டில் அழுத மனைவிகளிடம் போய் உட்கார்ந்து பேசினார்கள். இந்தக் கடைசி வேலையைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிகிறது. நிர்வாகத்தின் போன் போகும் வீட்டுக்கு அதற்கு முன்னால் ஒரு பெண் போயிருக்கிறார். 44 நாளில் ஜெனரல் மோட்டார்ஸ் கையெழுத்துப் போட்டது.

நமக்கு அருகில் 2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. அடிப்படைக் கோரிக்கை சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபம் சொன்னது. அக்டோபரில் பந்தலைப் போலீஸ் பிரித்துப் போட்டது, தொழிலாளிகள் வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் அந்த வாரம் முழுக்க முதலீடு ஓடிவிடுமா என்பதுதான் கேள்வி. இலியன் ஊரின் சூத்திரம் அப்படியே தமிழில் ஓடியது. ஆனால் மற்ற ஆலைகளின் சங்கங்கள் ஆதரவு கொடுத்தன, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, 2025 ஜனவரி இறுதியில் சங்கம் பதிவானது, 'சாம்சங்' என்ற சொல்லோடு. அதற்கப்புறமும் சஸ்பெண்ட், உள்ளிருப்பு என்று பிரச்சினை ஓயவில்லை. பதிவுச் சான்றிதழ் கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று வெளியில் இருப்பவர்கள் கலைந்துவிடுகிறோம். நிர்வாகம் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான்.

திண்டுக்கல்லில் நடந்தது இன்னொரு பாதை. அங்கே ஓர் ஆடை ஆலையில் 2021 ஜனவரியில் ஓர் இளம் பெண் தொழிலாளி மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அந்தக் குடும்பத்தோடு நின்றது, வெளிநாட்டு அமைப்புகளோடு சேர்ந்து அந்த ஆடைகளை வாங்கும் பிராண்டுகளின் வாசல்வரை விஷயத்தைக் கொண்டுபோனது. 2022-இல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகியவற்றோடும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை மீறினால் பிராண்டு வியாபாரத்தையே குறைக்க வேண்டும் என்பது அதில் கட்டாயம். சங்கம் பயிற்சி கொடுத்த பெண்கள் லைனில் இருந்தபடியே கண்காணித்தார்கள். ஊர் என்று நான் சொல்வது நான்கு தெரு மட்டும் இல்லை. வாங்குபவர் இருக்கும் இடம்வரை அது நீள முடியும்.

எல்லாவற்றுக்கும் இப்படி வழி இருக்கிறதா என்றால், இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அமேசானின் லாவால் கிடங்குத் தொழிலாளிகள் 2024-இல் சங்கம் அமைத்தார்கள். 2025 ஜனவரியில் அந்த மாகாணத்தில் இருந்த ஏழு கிடங்குகளையும் மூடுவதாக அமேசான் அறிவித்தது, சுமார் 1,700 பேருக்கு வேலை போனது. சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றது நிறுவனம். நம்புவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. இடத்தையே காலி செய்துவிட்டுப் போகக்கூடிய முதலாளியின் முன்னால் ஓர் ஊரின் ஒற்றுமை போதாது, ஒரு நாட்டின் சட்டம் வேண்டும், அதுவும் எல்லை தாண்டினால் நின்றுவிடுகிறது.

சங்கமே நிர்வாகத்தின் பக்கம் போய்விடும் கதையும் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்தபோது கம்பெனியை மட்டும் எதிர்க்கவில்லை. தங்கள் சந்தாவில் வாழ்ந்துகொண்டு தங்களுக்காகப் பேசாத சங்கத் தலைவர்களையும் கூட்டத்துக்குள் வரவிடாமல் துரத்தினார்கள். போனஸை வாங்கியும் விட்டார்கள். தொழிற்சங்கம் என்றாலே வசூல் என்று கசந்து பேசுபவர்களிடம் நான் மூணாறைத்தான் சொல்வேன். அந்தப் பெண்கள் சங்கம் வேண்டாம் என்று வீட்டுக்குப் போகவில்லை, பெண்கள் ஒற்றுமை என்று தங்களுடையதைத் தாங்களே தொடங்கினார்கள்.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் நம் நாட்டில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த கட்டாய முன்னறிவிப்பு இனி எல்லா ஆலைகளுக்கும். 14 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்கில்தான் சேரும். இந்தச் சட்டத்தை எதிர்க்க வேண்டும், எதிர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதுவரை அந்த 14 நாளை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது முக்கியம். நிர்வாகம் அதில் என்ன செய்யும் என்று 1936-லேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

அதனால் சங்கம் நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பினரின் வீட்டுக்கும் இரண்டு பேர் போக வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. என்ன கோரிக்கை, எத்தனை நாள் சம்பளம் இல்லாமல் போகலாம், நிர்வாகத்திடமிருந்து என்ன மாதிரிப் போன் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வரப்போகும் போனைப் பற்றி ஏற்கெனவே தெரிந்த வீட்டில் அந்தப் போனுக்குப் பாதி பலம் போய்விடும். வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களைக் கூட்டி ஒருமுறை பேச வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிகள் தங்கும் அறைகளுக்கு அவர்கள் மொழி தெரிந்த ஒருவரோடு போக வேண்டும், அவர்களுடைய கோரிக்கையில் ஒன்றாவது நோட்டீஸில் இருக்க வேண்டும். வேலைநிறுத்த நிதியை வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகு உண்டியல் ஏந்திச் சேர்ப்பதைவிட, மாதச் சந்தாவோடு சிறிது சிறிதாகச் சேர்த்து வைப்பது நல்லது.

சங்கத்தில் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கும் வேலை உண்டு. பக்கத்து ஆலையில் போராட்டம் என்றால் என்ன கேட்கிறார்கள் என்று பந்தலுக்குப் போய்க் கேளுங்கள், செய்தியில் வருவதை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். முதலீடு ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் அந்த ஆலையின் தொழிலாளிக்கு மாதம் என்ன கிடைக்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள். பந்தலுக்கு இடம் கொடுப்பவர், தண்ணீர் கொடுப்பவர், வாடகையை ஒரு மாதம் தள்ளி வாங்கிக்கொள்பவர், வழக்குக்கு ஃபீஸ் வாங்காமல் வரும் வக்கீல், குழந்தைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் என்று இதில் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை ஓர் ஆலையில் வேலை பார்த்து, ஒருநாள் மாலை ஒரு மரியாதையான குரல் போனில் உங்களைக் கூப்பிட்டு நாலு வார்த்தை எடுத்துச் சொல்லச் சொன்னால், முதலில் பிள்ளையிடம் நாலு வார்த்தை கேளுங்கள்.